புருவம் அக்காவின் பூஜ்யங்கள்

எனக்குப் பறவைகளைப் பிடிக்காது. பத்தொன்பது வருடமாகப் பறவைக் கணக்கெடுப்பு அலுவலகத்தில் வேலை பார்க்கிறவள் இப்படிச் சொல்லக் கூடாதுதான். ஆனால் நான் பார்த்ததெல்லாம் பறவைகளை இல்லை, பறவைகளைப் பற்றி வந்த ஃபாரங்களை. சேறு அப்பிய ஃபாரம், மழையில் நனைந்து காய்ந்து அப்பளமாகிப்போன ஃபாரம், ஒரு தடவை உள்ளே எறும்புக் கூட்டத்தோடு வந்த ஃபாரம். அவற்றிலுள்ள எண்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றி வருடக் கடைசியில் அட்டவணை போடுவது என் வேலை. அதனால் என்னை எல்லாரும் 'அட்டவணை' என்றுதான் கூப்பிடுவார்கள். இந்தப் பெயரை எனக்கு வைத்த புண்ணியவதி புருவம் அக்கா.

அக்காவுக்கு அந்தப் பெயரை வைத்தது நான். கணக்கு நேராகிவிட்டது. யாராவது எங்கள் அலுவலகத்துக்கு போன் செய்து, "எங்க வீட்டுத் தோட்டத்துல பழுப்பா சின்னதா ஒரு குருவி" என்று ஆரம்பித்தால் போதும். அக்கா போனை என் கையிலிருந்து பிடுங்கி, "புருவம் இருந்துச்சா?" என்பார். எதிர்முனையில் இருப்பவர் குழம்பிப்போய், "யாருக்குங்க?" என்பார். "குருவிக்குத்தாங்க. கண்ணுக்கு மேல வெளிறின கோடு. கண்ணோட நின்னுடுச்சா, கண்ணத் தாண்டிப் பின்னால போச்சா?" பாதிப் பேர் போனை வைத்துவிடுவார்கள். மீதிப் பேர் நாளைக்குப் பார்த்துச் சொல்கிறேன் என்பார்கள். சொன்னதும் உண்டு.

அக்கா எங்கள் அலுவலகத்தின் களப்பணியாளர். ஊருக்கு வெளியே சாக்கடை நீரைச் சுத்திகரிக்கும் குளங்கள் இருக்கின்றன. அவற்றுக்குப் பின்னால் ஒரு நாணல்காடு. இருபத்தெட்டு வருடமாக அந்த நாணல்காடு அக்காவின் பொறுப்பு. குருவிகள் கூடு கட்டும் ஆறு வாரமும், வாரத்துக்கு இரண்டு நாள், விடிகிற நேரத்தில் கரையோடு நடக்க வேண்டும். பன்னிரண்டு நிறுத்தங்கள். ஒவ்வொன்றிலும் ஐந்து நிமிடம் அசையாமல் நின்று, கண்டதையும் கேட்டதையும் எழுத வேண்டும். கேட்கச் சுலபமாக இருக்கும். ஒரு நாள் கூடப் போய்ப் பார்த்தேன். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், மூக்கைத் துளைக்கும் நாற்றம், காதுக்குள் நுழையும் கொசு. மறுபடி அந்தத் திசையில் தலைவைத்துப் படுக்கவில்லை.

அங்கே பழுப்பு நிறத்தில் மூன்று வகைக் குருவிகள். பெற்ற தாய்க்கே ஆள் மாறிப்போகும். அக்கா அவற்றுக்குத் தானே வைத்த பெயர்கள்தான் எங்கள் ஃபாரத்திலும். முதலாவது நெடும்புருவன். இதன் வெளிர்க்கோடு கண்ணைத் தாண்டிப் பிடரி வரை போகும், கோட்டுக்கு மேலே மை தீட்டியது போல ஒரு கறுப்பு விளிம்பு. நாணலுக்குள் தண்ணீரை ஒட்டியே இருக்கும். இரண்டாவது குறும்புருவன். கோடு கண்ணோடு நின்றுவிடும். கரைமேல் புதர்களில்தான் வாசம், நாணல் பக்கம் எட்டிப் பார்க்காது. "எங்க உக்காந்திருக்குன்னு சொல்லு, முக்கால்வாசி யாருன்னு நான் சொல்றேன்" என்பார் அக்கா. ஆனால் காற்று பலமாக அடித்தால் புதர்க்காரன் நாணலுக்குள் ஒதுங்குவான். அந்த மீதிக் கால்வாசிக்குத்தான் புருவம்.

மூன்றாவதுதான் இந்தக் கதைக்குக் காரணமானது. ஊசிக்குரல். முதுகில் கோடு கோடாக இருக்கும், புருவம் இருப்பதும் ஒன்று இல்லாததும் ஒன்று. நாணலின் அடித்தூரில் எலி மாதிரி ஊர்ந்து திரியும். வருடத்துக்கு ஒரு தடவை கண்ணில் பட்டால் பெரிய விஷயம். குரலை வைத்துத்தான் எண்ண வேண்டும். சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்துச் சக்கரத்தைச் சுற்றிவிட்டால் வருமே ஒரு சத்தம், அது இன்னும் மெலிந்து ஊசியாகி, நிமிடக்கணக்கில் விடாமல் வருமாம். சுற்று வட்டாரத்தில் இந்தக் குருவி இருக்கும் ஒரே இடம் அந்த நாணல்காடு. அதற்காகவே அதைப் பாதுகாப்புப் பட்டியலில் வைத்திருந்தார்கள்.

எங்கள் ஃபாரத்தில் ஒவ்வொரு குருவிக்கும் இரண்டு கட்டங்கள். 'க' என்றால் கண்டது, 'கே' என்றால் கேட்டது. ஒன்றும் இல்லையென்றால் பூஜ்யம். மழை, பெருங்காற்று, பக்கத்தில் இயந்திரச் சத்தம் என்று ஏதாவது இருந்து அறிய முடியாமல் போனால் பூஜ்யம் போடக் கூடாது, சின்னக் கோடு போட வேண்டும். பூஜ்யம் என்றால் 'இல்லை'. கோடு என்றால் 'எனக்குத் தெரியாது'. புதிதாக வருகிறவர்களுக்கு இந்த வித்தியாசம் மண்டையில் ஏறவே ஏறாது. அக்கா அதில் கறார்ப் பேர்வழி. ஒரு முறை குளத்து மோட்டார் ஓடியது என்பதற்காகப் பன்னிரண்டு நிறுத்தத்துக்கும் கோடு போட்டுக்கொண்டு வந்தார்.

எட்டு வருடம் முன்பு ஊசிக்குரல் ஒன்பது. அடுத்த வருடம் எட்டு. பிறகு ஆறு, ஆறு, மூன்று. அதற்கப்புறம் பூஜ்யம். இன்னொரு பூஜ்யம். போன பருவம் மூன்றாவது பூஜ்யம். மூன்று வருடம் தொடர்ந்து பூஜ்யம் வந்தால் இடத்தைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம் என்பது விதி. மொத்த வியாபாரச் சந்தைக்காரர்கள் லாரி நிறுத்த அந்த இடத்தைக் கேட்டு நாலு வருடமாக நகராட்சிப் படிக்கட்டை ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்கள். எங்கள் ரிப்போர்ட் போனதும் மண் கொட்ட ஆரம்பித்துவிடுவார்கள். ரிப்போர்ட்டுக்கு வரைபடம் போட்டவள் நான். ஒன்பதில் தொடங்கி வழுக்கிக்கொண்டு தரைக்கு வரும் அழகான கோடு. வெட்கம் கெட்டுச் சொல்கிறேன், அது நன்றாக வந்திருக்கிறது என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அக்கா அந்த மூன்று வருடத்தில் பத்து வயது கூடிப்போனார். குளத்துத் தண்ணீரில் எதையோ கலக்கிறார்கள் என்று சந்தேகம். சுத்திகரிப்பு நிலையத்துப் பொறியாளரை விரட்டி விரட்டி மூன்று தடவை தண்ணீரைப் பரிசோதிக்க வைத்தார். மூன்று தடவையும் குறை ஒன்றும் இல்லை. அந்த மனிதர் அக்கா வருவதைப் பார்த்தால் பம்ப் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்.

"என் கண்ணு முன்னாடியே போயிடுச்சுடீ, அட்டவணை" என்றார் ஒரு நாள், பூட்ஸைக் கழற்றக்கூடத் தெம்பில்லாமல் நாற்காலியில் சாய்ந்துகொண்டு. "இருபத்தஞ்சு வருஷத்துக்கு மேல காவல் காத்தேன். எதுக்குக் காத்தேன்னு தெரியல."

"நீங்க என்னக்கா பண்ணுவீங்க?"

"அதான். ஒண்ணும் பண்ணல. தலைய எண்ணினேன், அவ்வளவுதான்."

போன பருவத்தின் கடைசி ஃபாரத்தில் கையெழுத்துப் போடாமல் விட்டுவிட்டார். வெள்ளிக்கிழமை ரிப்போர்ட் போயாக வேண்டும். புதன்கிழமை விசாரித்தால் அக்காவுக்குக் காய்ச்சல் என்றார்கள். நானே ஃபாரத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

இரண்டாவது மாடியில் இரண்டு அறை வீடு. அக்கா போர்வையைச் சுற்றிக்கொண்டு சோபாவில் கிடந்தார், வாயில் தெர்மாமீட்டர். பக்கத்தில் மாமா, அதாவது அக்காவின் கணவர். முப்பத்திரண்டு வருடம் நகரப் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். பின் சீட்டில் யார் என்ன முணுமுணுத்தாலும் டிரைவர் சீட்டுக்குக் கேட்கும் என்று பீற்றிக்கொள்வார். என்னைப் பார்த்ததும், "வாம்மா. இவளுக்கு நீயாவது புத்தி சொல்லு" என்றார். "அது பீப்புன்னு அடிச்சு ஓஞ்சாச்சு, வாயிலேருந்து எடுக்க மாட்டேங்கிறா."

அக்கா தெர்மாமீட்டரைக் கையில் எடுத்தார். "அடிக்கவே இல்ல. பேட்டரி போயிருக்கும்னு நேத்துலேருந்து கரடியாக் கத்தறேன், மாத்த மாட்டேங்கறீங்க."

"ரெண்டு தடவ மாத்திட்டேன்!"

"அடிச்சுதேக்கா, நான் கதவுக்கிட்ட வரும்போதே கேட்டுச்சு" என்றேன் நான். சும்மா பேச்சுக்குச் சொன்னதுதான். அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாமே என்று பிறகு எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன்.

அக்கா என்னைப் பார்த்தார். அதை அணைத்து, மறுபடி உயிர்ப்பித்து வாயில் வைத்துக்கொண்டார். கண்ணை எங்கள் இருவர் முகத்திலிருந்தும் எடுக்கவில்லை. ஒரு நிமிடம் போயிருக்கும். பீப், பீப், பீப் என்று அது அடித்தது. பக்கத்து அறையில் இருந்தால்கூடக் கேட்டிருக்கும். எங்கள் முகத்தில் என்ன மாறியதோ, அக்கா அதைப் பார்த்துவிட்டார்.

"இப்ப அடிக்குதா?"

"அடிக்குதுக்கா."

"இன்னும்?"

"இன்னும்."

அதைக் காதோடு ஒட்டி வைத்துக்கொண்டார். நான் பேசியது அவருக்குக் கேட்டது, மாமாவின் முணுமுணுப்பு கேட்டது, தெருவில் போன வண்டி கேட்டது. கைக்குள் கத்திக்கொண்டிருந்த அந்தத் துண்டுப் பிளாஸ்டிக் மட்டும் கேட்கவில்லை. மெதுவாக அதைக் கீழே வைத்துவிட்டு, "அந்த ஃபாரத்தக் குடு" என்றார். கையெழுத்துக்குத்தான் கேட்கிறார் என்று நினைத்துப் பேனாவையும் நீட்டினேன். பேனாவை வாங்கவில்லை. 'கே' கட்டத்தை மேலிருந்து கீழாக விரலால் தடவிக்கொண்டே போனார். கையெழுத்துப் போடாமல் ஃபாரத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

"எத்தன வருஷத்து ஃபாரம் இருக்கும் உன்கிட்ட?"

"எல்லாமே இருக்கு."

"கவையும் கேவையும் தனித்தனியாப் பிரிச்சு ஒரு அட்டவணை போடு. எல்லாக் குருவிக்கும்."

அலுவலகத்துக்குத் திரும்பி, மத்தியானச் சாப்பாட்டைக்கூடத் தொடாமல் போட்டேன். போட்டு முடித்தபோது என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. அக்கா கண்ணால் கண்ட குருவிகளின் எண்ணிக்கை இருபத்தெட்டு வருடமாக ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தது. காதால் கேட்டது மட்டும் ஏழு வருடமாகச் சரிந்திருந்தது. முதலில் போனது ஊசிக்குரல். பிறகு நெடும்புருவன், பாதி. கட்டைக் குரலில் கரகரவென்று கத்தும் தண்ணீர்க்கோழி ஒன்றுகூடக் குறையவில்லை. நாணல்காட்டில் எதுவும் அழியவில்லை. ஒரு மனுஷியின் காது கீச்சுக்குரலில் ஆரம்பித்துக் கீழ்நோக்கி மூடிக்கொண்டு வந்திருக்கிறது, அதை ஏழு வருடமாக என் கையால் கட்டம் கட்டமாக ஏற்றியிருக்கிறேன். இரண்டையும் கூட்டி ஒரே எண்ணாகப் போட்டால் அட்டவணை சுத்தமாக இருக்கும் என்று முடிவு செய்ததும் நான்தான்.

மறுநாள் காய்ச்சலோடு காது டாக்டரிடம் போய்விட்டு அக்கா நேரே அலுவலகம் வந்தார். மாமாவும் கூடவே.

"வயசானா கீச்சுன்னு வர்ற மேல் சத்தம் முதல்ல போகுமாம். பேச்செல்லாம் கேக்குங்கறதால யாருக்கும் தெரியாதாம்" என்றார் அக்கா, வேறு யாருடைய காதைப் பற்றியோ சொல்வது போல. "கருவி வெச்சுக்கலாமாம். ஆனா இந்த அளவுக்கு மெல்லிசான சத்தத்துக்கு அது உதவாதாம்."

"விடிகாலைல நாணல்காட்டுக்குப் போனோம், டாக்டருக்கு முன்னாடியே" என்றார் மாமா. "காய்ச்சலோட இழுத்துட்டுப் போயிட்டா. எனக்குக் கேட்டுச்சும்மா. சர்ர்ருன்னு ஒண்ணு."

"பூச்சியும் சர்ருன்னுதான் கத்தும்" என்றார் அக்கா.

"நீதானே கேட்ட, கூடிக் குறையுதா, ஒரே அளவா வருதான்னு. கூடிக் குறைஞ்சுது. உள்ளுக்குள்ள யாரோ கதவத் திறந்து திறந்து மூடற மாதிரி."

அக்கா என் பக்கம் திரும்பினார். "குருவி பாடிக்கிட்டே தலையத் திருப்பும். அப்ப அப்படித்தான் வரும். பூச்சிக்கு அந்த வேலை தெரியாது." சொல்லிவிட்டு மாமாவைக் கைகாட்டினார். "ஆனா இவர் கேட்டத நான் எழுத முடியாது. பயிற்சி இல்லாதவங்க காது செல்லாது. அந்த விதிய எழுதினவளே நான்தான்."

மேலாளர் நல்ல மனிதர்தான், ஆனால் எதையும் சீக்கிரம் முடித்துக் கட்டப் பார்ப்பவர். என் புது அட்டவணையைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு, "சரிம்மா, இந்த மூணு வருஷப் பூஜ்யத்தக் கோடா மாத்திடுங்க. பட்டியல் விவகாரம் தள்ளிப் போயிடும். அடுத்த பருவத்துக்கு வேற ஆளப் போட்டு எண்ணிக்கலாம். விஷயம் நம்ம நாலு பேரோட இருக்கட்டும்" என்றார்.

"மூணு வருஷம் போதாது சார். ஏழு வருஷம்."

"முன்னாடி மூணு இருக்கு, ஆறு இருக்கு. அதெல்லாம் எண்ணுதானே? இருந்துட்டுப் போகட்டும்."

"அந்த மூணு மூணுதானா சார்? எட்டுலேருந்து ஆறா இறங்கினது குருவியா, நானா? எந்தக் காலைலேருந்து கேக்காமப் போச்சுன்னு எனக்கே தெரியாது. தெரியாதுன்னா கோடுதான் போடணும். நெடும்புருவனுக்கும் சேத்து, கே கட்டம் மொத்தத்துக்கும்."

"ஏழு வருஷ உழைப்பும்மா."

"கால் வலிச்சது உண்மைதான் சார். எண்ணுதான் உண்மையில்ல."

இரண்டு மத்தியானம் பிடித்தது. ஏழு பருவம், எண்பத்து நாலு ஃபாரம். நான் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்க, அக்கா எண்களை அடித்து, பக்கத்தில் சின்னக் கோடு இழுத்து, அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டார். பாதி வழியில் விரல் மரத்துப்போய்க் கையை உதறிக்கொண்டார். நான் முத்திரை குத்தித் தருகிறேன் என்றேன். என் கையைத் தட்டிவிட்டார். கடைசி ஃபாரத்தில் 'களப்பணியாளர் குறிப்பு' என்ற இடத்தில் இப்படி எழுதினார்: குருவி இல்லை என்று எழுதியது தவறு. எனக்குத்தான் கேட்கவில்லை. அதை அப்படியே ரிப்போர்ட்டில் சேர்க்கச் சொன்னார். மேலாளர் வார்த்தையைக் கொஞ்சம் மெருகேற்றலாமா என்று கேட்டுப் பார்த்தார். நான் ஏற்றவிடவில்லை.

லாரிக்காரர்கள் குதித்தார்கள், கடிதம் மேல் கடிதம் போட்டார்கள். ஆனால் பூஜ்யம் இருந்த இடத்தில் வெறும் கோடு இருந்தால் ஒன்றும் செய்ய முடியாது. இன்னொரு பருவம் எண்ணிவிட்டுத்தான் முடிவு என்று நகராட்சி சொல்லிவிட்டது. அக்கா சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போய்ப் பொறியாளரிடம் மன்னிப்புக் கேட்டார். அவர் தேநீர் கொடுத்து அனுப்பினாராம். அத்தோடு அக்காவின் வேலை முடிந்தது. வழியனுப்பு விழா எதுவும் வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அந்த மாதம் முழுக்கத் தூங்கினதாக மாமா சொன்னார். இருபத்தெட்டு வருடத் தூக்கம் பாக்கி.

அடுத்த பருவத்துக்குப் புதிதாக ஒருவரைப் போட்டார்கள். வானொலி நிலையத்தில் ஒலிப்பதிவு பார்த்தவர், முப்பது வயதுக்காரர். அவருடைய முதல் ஃபாரம் வந்த அன்றைக்கே அதை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்கு ஓடினேன். ஃபாரத்தை வெளியே கொண்டுபோகக் கூடாது. தெரிந்தேதான் கொண்டுபோனேன். ஊசிக்குரல், 'கே' கட்டத்தில், மொத்தம் ஏழு. நாணல்காடு பிழைத்துவிட்டது.

அக்கா சந்தோஷத்தில் என்னைக் கட்டிப்பிடிப்பார் என்று நினைத்திருந்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். மொத்தத்தைப் பார்க்கவில்லை. எந்த நிறுத்தத்தில் எத்தனை என்று பார்த்தார். மூன்றாவதில் ஒன்று, ஒன்பதாவதில் இரண்டு, ஐந்தாவதில் நான்கு.

"அஞ்சுலயா?" என்றார். "அஞ்சுல நாலா?"

"ஆமாக்கா. ஏன், சரியா இருக்காதா?"

"சரியா இருக்கும். அது நல்ல எடம்." ஃபாரத்தை மடியில் வைத்துக்கொண்டார். "அங்க ஒரு பழைய சிமெண்டுக் குழாய் கெடக்கும். முட்டி வலின்னு அதுமேல உக்காந்துக்குவேன். அஞ்சு நிமிஷம் முடிஞ்சும் எழுந்திருக்க மனசு வராது. சில நாள் அரை மணி நேரம்கூட உக்காந்திருக்கேன்."

"வந்து என்கிட்டச் சொல்லுவா" என்றார் மாமா.

"இந்த ஊர்லயே சத்தமில்லாத எடம் அது ஒண்ணுதான், அங்க உக்காந்தா மனசு அப்படியே அடங்கிடுதுன்னு சொல்லுவேன்." அக்கா ஃபாரத்தைப் பார்த்தபடியே பேசினார். "என்னச் சுத்தி நாலு பேர் உக்காந்து பாடியிருக்காங்கடீ."

அப்போதுதான் அவர் அழுது நான் முதல் தடவையாகப் பார்த்தேன்.